மண்ணும் இடமும்

நம் விமர்சனத்தில் 'மண்வாசனை' என்றொரு சொல் நெடுநாளாகப் புழங்கி வருகிறது. கிராமத்தைப் பற்றி எழுதப்பட்ட எந்தப் புத்தகத்துக்கும் இந்தச் சொல்லைக் கொடுத்து அனுப்பிவிடலாம். பிறகு அந்தப் புத்தகத்தைப் பற்றி யோசிக்க வேண்டிய சிரமம் இராது. நானும் இரண்டு மூன்று இடங்களில் எழுதியிருக்கிறேன். இந்தச் சொல்லுக்கு அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. மண் என்பது தானாகவே இருப்பது, பாட்டனுக்கும் முன்னாலிருந்து கிடப்பது, அது கிராமத்தில் உள்ளது. நகரத்தில் இருப்பது வெறும் மனை. இந்த நம்பிக்கையை எனக்குக் கலைத்தது எந்த நாவலும் அல்ல. ஒரு நகைக்கடன் விண்ணப்பம்.

நான் வங்கிக் குமாஸ்தா. விவசாயத்துக்கென்று வாங்கும் நகைக்கடனுக்குச் சாதாரண நகைக்கடனைவிட வட்டி குறைவு. அதற்கு, சாகுபடி செய்கிறவர் இவர்தான் என்று சொல்லும் தாள் ஒன்று வேண்டும். போரூருக்கு அப்பால் கீரை பயிரிடுகிற ஒரு பெரியவர், அறுபதைத் தாண்டியவர், மனைவியின் வளையல்களோடு என் கவுண்ட்டருக்கு வந்தார்.

"அடங்கல் இருக்கா?" என்று கேட்டேன்.

"கீரை இருக்குது சார்" என்றார்.

அவர் கேலியாகச் சொல்லவில்லை. நான் சிரித்துவிட்டேன். பிறகு சாதாரண நகைக்கடனாகவே போட்டுக் கொடுத்தேன். அவருக்கு வித்தியாசம் தெரியும், ஆனால் வாதாடவில்லை. போகும்போது, "ஞாயித்துக்கெழம வந்து பாருங்க சார், பொய் சொல்லல நானு" என்றார். இந்தக் கடைசி வார்த்தைகள்தாம் என்னை அந்த ஞாயிறு அங்கே அழைத்துப் போயின.

அறுபது சென்ட் இருக்கும். மூன்று பக்கமும் நான்கு மாடிக் குடியிருப்புகள். நான்காவது பக்கத்தில் மனைக் கற்கள், மஞ்சள் பூசி நம்பர் எழுதியவை. நடுவே பாத்தி பாத்தியாக முளைக்கீரை, சிறுகீரை, அரைக்கீரை. கீரை விதை பொடிசு. கை நிறைய அள்ளித் தூவினால் ஒரே இடத்தில் விழுந்துவிடும் என்று மணலோடு கலந்து தூவுகிறார்கள். முளைக்கீரையை இருபத்தைந்து நாளில் வேரோடு பிடுங்கிவிட வேண்டும். அரைக்கீரையை அறுத்தால் மறுபடி தழையும். பெரியவரின் மனைவி பிடுங்கிய கட்டுகளை வாழைநாரால் கட்டித் தண்ணீர் தெளித்து வைத்துக்கொண்டிருந்தார். ராத்திரி மூன்று மணிக்கு மார்க்கெட்டுக்கு வண்டி.

இடத்துக்காரர் வெளியூர். வாடகை வாங்குவதில்லை. வேறு யாரும் குடிசை போட்டுவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் வாடகை. அதாவது, சட்டத்தின் கண்ணில் பெரியவர் விவசாயி அல்ல, குத்தகைதாரர்கூட அல்ல, சம்பளமில்லாத காவல்காரர். வந்து ஒன்பது வருஷம். வந்தபோது அங்கே இருந்தது செங்கல் துண்டும் உடைந்த சுண்ணாம்புக் காரையும், ஏதோ கட்டடத்தை இடித்துக் கொட்டிய ரப்பிஷ். பொறுக்கி எடுத்தார்கள். பக்கத்துத் தெருவில் மாடு வைத்திருந்தவரிடம் சாணம், டீக்கடைச் சாம்பல், மார்க்கெட்டிலிருந்து திரும்பி வரும் வண்டியில் அழுகல் தழை. குனிந்து ஒரு பிடி அள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். கறுப்பாக, ஈரமாக, உதிரியாக இருந்தது. இரண்டடி தள்ளி, மனைக்கல்லுக்கு அந்தப்புறம், சிவந்த சரளை.

"எடம் அவங்களுது சார். மண்ணு நான் பண்ணது."

இப்படி இரண்டையும் பிரித்து யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் எங்கோ படித்த ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வந்து தேடினேன்.

19-ம் நூற்றாண்டில் பாரீஸ் நகரைச் சுற்றியும் நகருக்குள்ளும் காய்கறி பயிரிட்டவர்களுக்கு 'மரேஷே' என்று பெயர். சதுப்பு நிலத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர். இன்று விலையுயர்ந்த கடைகளும் ஓவியக் கூடங்களும் உள்ள மரே என்னும் பகுதியின் பெயரும் அதே சொல்தான். 1845-ல் மொரோ, தவேர்ன் என்ற இரண்டு தோட்டக்காரர்கள் சேர்ந்து தங்கள் தொழிலைப் பற்றி ஒரு கையேடு எழுதினார்கள். இவர்கள் பேராசிரியர்களோ நிலப்பிரபுக்களோ அல்லர். பாத்தியில் குனிந்து வேலை செய்தவர்கள். அவர்கள் கணக்கில் அன்று பாரீஸில் சுமார் 1,800 தோட்டக்காரர்கள். எல்லோருடைய நிலத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ 1,400 ஹெக்டேர். தலைக்கு இரண்டு ஏக்கர்கூட இல்லை.

அவர்கள் முறை இது. நகரத்தின் வண்டிகளை எல்லாம் குதிரைகள் இழுத்த காலம். லாயங்களில் குவியும் குதிரைச் சாணத்தை வைக்கோலோடு வாரி வந்து, பாத்தியாகக் கிடத்தி, மேலே மக்கிய எருவைப் பரப்புவார்கள். அடியில் சாணம் புளித்துச் சூடேறும். மேலே கண்ணாடிச் சட்டமோ மணி வடிவக் கண்ணாடிக் கூடோ கவிழ்த்து மூடினால், வெளியே பனி உறைந்து கிடக்கும்போது உள்ளே கீரை முளைக்கும். வெந்நீர்க் குழாய் கிடையாது, கரி கிடையாது. நகரத்தின் கழிவு, நகரத்தின் குளிர்காலத்தை வென்றது.

க்ரோபோட்கின் 'வயல்கள், ஆலைகள், பட்டறைகள்' என்ற நூலில் பான்ஸ் என்னும் தோட்டக்காரரின் கணக்கைத் தருகிறார். 2.7 ஏக்கரில் ஒரு வருஷத்துக்கு 2,50,000 பவுண்டு காய்கறி. அதைவிட முக்கியமானது அடுத்த தகவல். பழைய சாணப் பாத்திகள் மக்கி மக்கிப் புதிய மண்ணாகிக்கொண்டே இருந்ததால், உபரி மண்ணை ஆண்டுதோறும் விற்க வேண்டியிருந்ததாம். இல்லையென்றால் தோட்டத்தின் தரை வருஷத்துக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் உயர்ந்துவிடும். இன்னொன்றும் சொல்கிறார். தோட்டக்காரர்கள் பெரும்பாலும் வாடகை நிலத்தில் இருந்தவர்கள். அவர்களுடைய வழக்கமான ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து உண்டு: காலி செய்து போகும்போது, கண்ணாடிச் சட்டங்களையும் தண்ணீர்க் குழாய்களையும் போலவே, குறிப்பிட்ட ஆழம்வரை மண்ணையும் தோண்டி எடுத்துக்கொண்டு போகலாம்.

இந்த ஷரத்தை நான் ஒன்றுக்கு மேற்பட்ட முறை படித்தேன். 'எடம் அவங்களுது, மண்ணு நான் பண்ணது' என்பதைப் பாரீஸில் முத்திரைத்தாளில் எழுதியிருக்கிறார்கள். மண் என்பது பூமியின் பாகமல்ல, அது ஒரு மனிதனின் வேலை, நாற்காலியைப் போல, நெய்த துணியைப் போல. ஆகவே அது அவனோடு போக வேண்டும் என்பதை நிலச் சொந்தக்காரன் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருக்கிறான். நம் 'மண்வாசனை'க்கு இதைவிட நேரான மறுப்பு இருக்க முடியாது.

ஸோலாவின் 'பாரீஸின் வயிறு' (1873) நாவலைப் படித்தவர்களுக்கு அதன் தொடக்கம் ஞாபகமிருக்கும். விடிவதற்கு முன் நகரத்தை நோக்கி ஊரும் காய்கறி வண்டிகள். சாலையில் மயங்கிக் கிடக்கும் ஃப்ளோரானைத் தன் வண்டியில் ஏற்றிக்கொள்ளும் நாந்தேர் ஊர்த் தோட்டக்காரி மதாம் ஃப்ரான்ஸ்வா. பின்னால் ஓர் அத்தியாயத்தில் ஃப்ளோரானும் ஓவியன் க்ளோதும் அவளுடைய தோட்டத்தைப் பார்க்கப் போகிறார்கள். அவர்கள் போவது சந்தையின் தழைக் கழிவை எருவுக்காக ஏற்றிக்கொண்டு திரும்பும் வண்டியில். சந்தையில் கொட்டியது தோட்டத்துக்குப் போய் மறுபடி சந்தைக்கு வருகிறது. ஓவியனுக்கு இந்தச் சுழற்சி பெரும் கிளர்ச்சியைத் தருகிறது. தோட்டத்தைப் பார்க்கப் போகும் நகரவாசிக்கு எப்போதும் கிளர்ச்சிதான் கிடைக்கிறது. என் ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் தொடங்கியது. பச்சை கண்ணில் படும், ஒப்பந்தம் படாது.

மரேஷேக்கள் நிலைத்தார்களா என்றால், இல்லை. நகரம் விரிய விரியத் தங்கள் மண்ணோடு வெளியே தள்ளிக்கொண்டு போனார்கள். 1860-ல் சுற்றுப்புற ஊர்கள் பாரீஸோடு இணைக்கப்பட்டன. மனை விலை ஏறியது. வெயில் பிரதேசமான தெற்கிலிருந்து ரயில் மலிவான காய்கறியைக் கொண்டுவந்தது. கடைசியாக மோட்டார் வந்து குதிரைகள் போயின. குதிரை போனதும் சாணம் போயிற்று; சாணம் போனதும் மண் செய்யும் வித்தை போயிற்று. ஸோலா எழுதிய அந்தச் சந்தையும் 1969-ல் நகருக்கு வெளியே ரூன்ஜிஸுக்குப் போய்விட்டது. ஆனால் கையேடு இருக்கிறது. இன்று உலகில் சிறு நிலத்தில் நெருக்கிப் பயிரிடுகிறவர்கள் பலர் அந்த முறைக்குத்தான் கடன்பட்டிருக்கிறார்கள்.

நமக்கு அருகிலேயே இதைவிடப் பெரிய உதாரணம் உண்டு. எல்.எஃப்.சி.யில் கல்கத்தா போனபோது, மற்றவர்கள் விக்டோரியா மெமோரியல் பார்க்க, நான் கிழக்கே தாபாவுக்குப் போனேன். 1860-களில் நகராட்சி கழிவு கொட்டுவதற்கென்று வாங்கிய சதுர மைல் அது. 1879-ல் அதை பவநாத் சென் என்பவர் இருபது வருஷக் குத்தகைக்கு எடுத்துக் குப்பை மேட்டின்மேல் காய்கறி போடத் தொடங்கினார். அன்றிலிருந்து கல்கத்தாவின் குப்பையே கல்கத்தாவின் காலிஃபிளவர். நீளநீளமான குப்பை வரப்புகள், அவற்றுக்கு நடுவே சாக்கடை நீர் தேங்கிய குட்டைகள், குட்டை நீரை இறைத்து வரப்புக்குப் பாசனம். அதற்கும் கிழக்கே மீன் குளங்கள், 'பேரி' என்கிறார்கள். வித்யாதரி நதி மண்மேடிட்டு 1928-ல் செத்த நதி என்று அறிவிக்கப்பட்டது; உப்புநீர் வருவது நின்ற ஏரிகளில் நகரத்தின் சாக்கடையை அளவாக விட்டு மீன் வளர்க்கக் கற்றுக்கொண்டார்கள். ஆழமில்லாத நீர், மேலே வெயில், பாசி. பாசியை மீன் தின்கிறது. மீன் குளத்தில் தெளிந்த நீர் நெல் வயலுக்குப் போகிறது.

1980-களின் தொடக்கத்தில் துருவஜோதி கோஷ் என்ற சுகாதாரப் பொறியாளர், நகரத்தின் சாக்கடை என்னவாகிறது என்று அரசுக்காக ஆராயப் புறப்பட்டு இங்கே வந்து சேர்ந்தார். ஒரு மாநகரம் கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்ட வேண்டிய சுத்திகரிப்பு நிலையத்தின் வேலையை, படிப்பில்லாதவர்கள் என்று கருதப்பட்ட மீனவர்களும் தோட்டக்காரர்களும் செய்து, அதிலேயே பிழைத்தும் வந்தார்கள் என்று கண்டார். 2018-ல் இறக்கும்வரை அவர் எழுதியதும் வாதாடியதும் இதற்காகவே. அதற்குள் 1960-களிலேயே வடக்குப் பக்கத்து ஏரிகள் கங்கை மணலால் நிரப்பப்பட்டு சால்ட் லேக் நகரமாகியிருந்தன. மிச்சத்தையும் நிரப்புவதற்கு 1992-ல் கல்கத்தா உயர்நீதிமன்றம் தடை போட்டது. 2002-ல் சுமார் 12,500 ஹெக்டேர் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

இது வெற்றிதான், ஆனால் காப்பாற்றப்பட்டது ஒரு பரப்பு. வரைபடத்தில் எல்லை போட முடிந்தது காப்பாற்றப்பட்டது. அந்தப் பரப்பில் நூறு வருஷத்துக்கு மேலாக மண் செய்தவர்களுக்குப் பாரீஸ் ஷரத்தைப் போல ஒன்றை எந்தத் தீர்ப்பும் எழுதித் தரவில்லை. நான் நின்ற வரப்பில் மண்ணோடு பிளாஸ்டிக் துணுக்குகள் மின்னின. அங்கே விளையும் காய்கறியில் ஈயமும் காட்மியமும் இருப்பதாக ஆய்வுகள் சொல்லியிருக்கின்றன. இதற்குத் தோட்டக்காரன் பொறுப்பாளி அல்ல. 1879-ன் குப்பை சாம்பலும் தழையும் சாணமும். இன்றைய குப்பை பாட்டரியும் பெயிண்ட் டப்பாவும். நகரம் எதை எறிகிறதோ அதுவே மண்ணாகிறது. பாரீஸில் குதிரை போனதும் மண் நின்றது. கல்கத்தாவில் மண் நிற்கவில்லை, நஞ்சேறியது.

இனி நம் ஊர். சென்னைக்கு இந்தச் சரித்திரம் இல்லையென்று நினைப்பதும் மண்வாசனை மனோபாவந்தான். ஆங்கிலேயர் வரைபடங்களில் 'லாங் டேங்க்' என்று குறிக்கப்பட்ட நீண்ட ஏரி, மயிலாப்பூரிலிருந்து நுங்கம்பாக்கம் பக்கமாகக் கிடந்தது. அதன் ஒரு பகுதி 1920-களில் வீட்டுமனைத் திட்டத்துக்காக வடிக்கப்பட்டுத் தியாகராய நகர் ஆயிற்று. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976-ல் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பட்டது. ஏரிகள் போய் லேக் வியூ ரோடும் டேங்க் பண்ட் ரோடும் மிஞ்சின. ஏரி இருந்தது என்றால் மதகு இருந்தது, மதகு இருந்தது என்றால் வயல் இருந்தது. கோடையில் ஏரி வற்றியதும் வண்டலை வண்டியில் அடித்து வயலில் பரப்புவது நம் நாட்டு வழக்கம். ஆக அங்கேயும் மண் தானாகக் கிடந்ததில்லை. வருஷா வருஷம் யாரோ சுமந்தார்கள். சுமந்தவர்கள் பெயர் எந்தப் பதிவிலும் இல்லை. ஏரியின் பெயராவது தெருப் பலகையில் இருக்கிறது.

சந்தையும் நகர்ந்தது. கொத்தவால் சாவடி 1996-ல் கோயம்பேட்டுக்குப் போயிற்று. 2013-14-ல் தோட்டக்கலைத் துறை சென்னையிலும் கோவையிலும் மாடித் தோட்டத்துக்கான தளைகளை மானிய விலையில் கொடுக்கத் தொடங்கியது: பாலிதீன் பைகள், தென்னைநார்க் கழிவு, விதைகள். எங்கள் வீட்டு மாடியிலும் ஆறு பைகளில் கத்தரியும் வெண்டையும் இருக்கின்றன. நான் அதைப் பழிக்க வரவில்லை. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பைக்குள் இருக்கும் அந்த மண்ணை நான் வீடு மாறும்போது எடுத்துப் போகலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. பாரீஸ் தோட்டக்காரனின் ஷரத்து, கடைசியில், அதனால் பிழைக்காத எனக்கு வாய்த்திருக்கிறது. பத்திரிகைகள் 'நகர்ப்புற விவசாயம்' என்று படம் போடுவதும் என் ஆறு பைகளைத்தான். நகரத்துக்குக் கீரை கொடுக்கும் அறுபது சென்ட் அந்தப் படத்தில் வருவதில்லை. அது நகரத்தில் தப்பிப்போய் மிஞ்சிய கிராமம் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது நகரத்தின் ரப்பிஷிலும் சாம்பலிலும் சந்தைக் கழிவிலும் செய்யப்பட்டது. வள்ளுவர் கோட்டத்தைப் போலவே அதுவும் நகரம் தந்த ஒன்று.

மூன்று ஊர்களையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தெரிவது இதுதான். பாரீஸில் மண் செய்தவர்களே எழுதினார்கள். அவர்கள் மண் ஒப்பந்தத்தில் ஏறியது. எழுதியதால்தான் ஏறியது என்று நான் சொல்லவில்லை. எழுதத் துணிந்தவர்களால்தான் பேரம் பேசவும் முடிந்தது என்று சொல்கிறேன். கல்கத்தாவில் அவர்களுக்காக ஒருவர் எழுதினார். அவர்கள் பரப்பு பிழைத்தது. இங்கே நாம் எழுதியது மண்வாசனை. மண்ணை இயற்கை என்றும் தாய் என்றும் சொல்லிச் சொல்லி, அதைச் செய்கிற கையை வாக்கியத்திலிருந்து நீக்கிவிட்டோம். அடங்கலில் பெரியவர் பெயர் இல்லாததற்கும் நம் இலக்கியத்தில் அவர் வேலை இல்லாததற்கும் சம்பந்தம் இல்லை என்று என்னால் நினைக்க முடியவில்லை. இரண்டும் தாள்கள். இரண்டும் இடத்தை மட்டும் பார்த்துப் பழகியவை.

பெரியவர் போன மாசி மாதம் வளையலை மீட்க வந்தார். இடத்துக்காரர் வந்துவிட்டாராம், அஸ்திவாரம் தோண்டுகிறார்களாம். அவருக்குப் பூந்தமல்லிக்கு அப்பால் வேறோர் இடம் கிடைத்திருக்கிறது; அதுவும் ரப்பிஷ் கொட்டின இடம். மேல் மண்ணில் இரண்டு டிராக்டர் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டுப் பார்த்தாராம்.

"என்ன சொன்னாங்க?"

"எடத்தோட சேந்ததுதான மண்ணுன்னாங்க சார். அதுவும் நாயம்தானே?"

நான் பாரீஸைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். பின்னால் வரிசை நின்றது. வட்டியைக் கணக்கிட்டு, வளையல்களை எடைபோட்டுக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டேன். புதிய இடத்தில் முதல் கீரை எடுக்க எவ்வளவு நாள் ஆகும் என்று மட்டும் கேட்டேன்.

"கீரைக்கு இருபத்தஞ்சு நாள் சார். மண்ணுக்கு அஞ்சு வருஷம் ஆவும்."